அப்பாவின் அம்பாசிடரும் தங்கையின் எஸ்.யு.வி.யும்

எண்பதுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் நல்ல பழைய கார் ஒன்று, புதுக் காரின் கம்பெனி விலைக்கும் மேலே போகும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். புது அம்பாசிடருக்கோ ஃபியட்டுக்கோ பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எத்தனை கார் செய்யலாம் என்பது டெல்லியில் கொடுத்த லைசென்ஸைப் பொறுத்தது. வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் ஃபியட். வேறு தேர்வு அதிகம் இல்லை. நேற்று டெலிவரி எடுத்த வண்டியை இன்று கைமாற்றினால்கூட மேலே பணம் வைத்து வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்தது.

இன்று அப்படியே தலைகீழ். அறுபது, எழுபது லட்சம் கொடுத்து எடுத்த வண்டி வாசலைத் தாண்டியதும் விலை இறங்கத் தொடங்குகிறது. நாலைந்து வருடத்தில் பாதிக்கு வந்து நிற்கிறது. என் தங்கை அப்படியொரு பழைய வண்டி வாங்கக் கிளம்பியபோது கூடப் போனவன் நான். அவள் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறாள். வெளிநாட்டிலிருந்து வரும் பையர்களைக் கோவை விமான நிலையத்தில் ஏற்றி வர வேண்டும், மாதத்தில் சில நாள் சென்னைக்கும் ஓட வேண்டும். பி.எம்.டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, மெர்சிடிஸ் ஜி.எல்.சி., வால்வோ எக்ஸ்.சி.60 என்று நான்கு பெயர் எழுதி வைத்திருந்தாள். பெயர்தான் ஜெர்மனியும் சுவீடனும். எக்ஸ்3 செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் பூட்டப்படுகிறது, க்யூ5 அவுரங்காபாத்தில், ஜி.எல்.சி. புனே அருகே சாக்கனில், எக்ஸ்.சி.60 பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில். உதிரிகளாக இறக்கி இங்கே பூட்டினால் சுங்க வரி குறைவு என்பதுதான் காரணம்.

அப்பா அம்பாசிடர் வாங்கியது 1982இல். பஞ்சு கமிஷன் வியாபாரம் அவருக்கு. மில் முதலாளி ஒருவர் வீட்டில் நின்ற மார்க் 3, பால் வெள்ளை. விலை பேசுவதற்கு முன்னால் உக்கடத்திலிருந்து மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனார். டார்ச் பிடிப்பது என் வேலை. மேஸ்திரி முதலில் வண்டியைத் தொடவே இல்லை. சுற்றி வந்து, அது நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை விரல் நுனியில் தேய்த்து மோந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். புகை அடித்தால் பிஸ்டன் ரிங் போயிற்று என்று அர்த்தம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஒரு பழைய காந்தத் துண்டை மட்கார்டிலும் கதவின் அடிப்பகுதியிலும் வைத்துக்கொண்டே போனார். ஒட்டாமல் விழுந்த இடத்தில் தகரம் இல்லை, வெறும் பட்டி. இரண்டு இடத்தில் விழுந்தது.

"வண்டி சுத்தமா இருக்குதுங்ணா. கிங் பின் மட்டும் மாத்தோணும். பட்டியப் பத்திக் கவலப்படாதீங்க, சைக்கிள்காரன் இடிச்சதுதான்."

அந்தச் சொல்லை நம்பி அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஏசி கிடையாது. டேஷ்போர்டில் ஒரு சின்ன ஃபேன், சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல், பின் கண்ணாடிக்குத் திரை. அதுதான் அன்றைய சொகுசு. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த மாருதி 800க்கு நண்பர்கள் பலர் பத்தாயிரம் கட்டிப் பதிவு செய்தார்கள். அப்பா அசையவில்லை. பெட்ரோல் விலை ஏறியதும் பலரைப் போல மெட்டடார் டீசல் எஞ்சினை மாற்றிப் பூட்டிக்கொண்டு தொண்ணூறுகளின் கடைசிவரை அதையே ஓட்டினார். அந்த வண்டிக்கு வயதாக ஆகச் செலவு குறைந்தது. எந்த ஊரில் நின்றாலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அந்த ஊரில் இருந்தார், பாகங்கள் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலேயே கிடைத்தன.

சொகுசு எஸ்.யு.வி. விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: வண்டியின் விலை பாதியாகலாம், அதன் பாகங்களின் விலை பாதியாவதில்லை. எழுபது லட்சத்து வண்டியை முப்பது லட்சத்துக்கு வாங்குகிறவர் முப்பது லட்சத்து வண்டி வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார். பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் அவரை எழுபது லட்சத்து வண்டிக்காரராகத்தான் நடத்தும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன் ஃபிளாட் டயர் ஒன்றே இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பழைய வண்டி அருமையான பேரம். தெரியாமல் வாங்கி, முதல் பெரிய ரிப்பேரில் கலங்கி, நஷ்டத்துக்குத் தள்ளிவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாளிகள் இல்லை. யாரும் அவர்களுக்கு முழுக் கணக்கையும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கில் வரிக்குப் பெரிய பங்கு. பெரிய எஸ்.யு.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அதன்மேல் செஸ் 22 சதவீதம், ஆக 50 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய் மொத்தம் 40 சதவீதம் ஆனது. புது வண்டி விலை லட்சக்கணக்கில் இறங்கியதால், முந்தைய மாதம் கேட்ட விலையையே பழைய வண்டிக்குக் கேட்பதில் நியாயம் இல்லாமல் போயிற்று. இதைச் சொல்லித்தான் தங்கை பேரம் பேசினாள், அது எடுபட்டது. அதைவிட முக்கியமானது நம் மாநிலத்து ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். எழுபது லட்சத்து வண்டிக்குப் பதினான்கு லட்சம். அந்தப் பணத்துக்கு ஒரு புதுச் சின்னக் காரே வாங்கிவிடலாம். முதல் சொந்தக்காரர் அதைக் கட்டிவிட்டால் வண்டி கைமாறும்போது வரியும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைத் தேடு, வெளிமாநில வண்டிக்கு ஆசைப்படாதே என்று அவளிடம் நான் பிடிவாதமாகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

வெளிமாநில ஆசை சும்மா வருவதில்லை. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன்பின் அங்கே வயதேறும் டீசல் எஸ்.யு.வி.களின் விலை சரிந்து, அவை தெற்கு நோக்கி வரத் தொடங்கின. கோவையில் ஒரு புரோக்கர் தம்பி போனில் படம் காட்டினார். மினுமினுக்கும் கறுப்பு வண்டி, கேட்ட விலை உள்ளூர் விலையில் ஏறக்குறைய பாதி. தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, ஆயுள் வரியை மறுபடி கட்டியபின் அந்தப் 'பாதி' எங்கே போய் நிற்கும் என்று தங்கை காகிதத்தில் போட்டுக் காட்டினாள். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை.

சென்னையில் ஒரு யார்டில் பார்த்த வண்டியைத்தான் மறக்க முடியவில்லை. வெள்ளை, மூன்றே வயது, ஒரே சொந்தக்காரர், ஓட்டமும் குறைவு. உள்ளே லெதரில் பாலிஷ் பளபளத்தது. தங்கைக்குப் பிடித்துவிட்டது. நான் ஓட்டுநர் சீட் பெல்ட்டை இழுத்தேன். வழக்கமாக நாம் மாட்டும் அளவுக்கு வந்து நிற்பதைத் தாண்டி, மொத்தச் சுருளும் தீரும்வரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை நிறம் மாறியிருந்தது. அங்கே குறுக்கே ஒரு மண் கோடு, ஓரத்து இழைகளில் காய்ந்த சேறு. எத்தனை முறை தண்ணீர் அடித்துக் கழுவினாலும் சுருளுக்குள் இருக்கும் அந்தப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தைப் பார்த்தேன். திருகாணித் தலைகளில் துரு. டிக்கியில் தரைப் பலகையைத் தூக்கியதும் வாசனைத் திரவியத்தின் அடியிலிருந்து ஈர நாற்றம் எழுந்தது.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் பேஸ்மென்ட்டிலேயே மூழ்கின. தண்ணீர் எஞ்சினுக்குள் போன வண்டியை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சும்மா நிறுத்தியிருந்த வண்டியும் தப்பாது. இந்த ரக எஸ்.யு.வி.களில் சீட்டுக்கு அடியிலும் டிக்கித் தரைக்கு அடியிலும் கன்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கும். நனைந்த கனெக்டரில் பச்சை படர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். அப்பாவின் அம்பாசிடர் ஒருமுறை நொய்யல் வெள்ளத்தில் கதவுவரை நின்றது. மேஸ்திரி ஆயில் மாற்றி, டைனமோவைக் கழற்றி வெயிலில் காயவைத்து, மூன்றாம் நாள் ஓட்டிக் கொடுத்தார். இன்றைய வண்டிக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

இதில் எனக்குக் கோபம் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுச் சேதம் என்று எழுதிப் பணம் கொடுத்த வண்டி, ஏலத்தில் போய், கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வருகிறது. அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டினால் எத்தனையாவது சொந்தக்காரர், கடன் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரிகிறது. முழுச் சேதம் என்பதையும் ஆர்.சி.யிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி பதியவேண்டும். வாங்குகிறவரின் குழந்தைகள் அந்த வண்டியில்தான் போகப் போகிறார்கள். ஏர்பேக்கின் சென்சார் நனைந்ததா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லையா?

கடைசியில் வண்டி கோவையிலேயே கிடைத்தது. டி.என்.66 பதிவு, பெட்ரோல், ஒரே டாக்டர் கையில் இருந்தது. டீசல் வேண்டாம் என்றது நான்தான். அவள் ஓட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குள் மெதுவாக ஊர்வது. பி.எஸ்.6 டீசலின் புகை வடிகட்டி சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும்.

மேஸ்திரி காலமாகிவிட்டார். அவருக்குப் பதில் இப்போது வந்தது ஓர் இளைஞர். பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு இப்போது இந்த ரக வண்டிகளுக்கென்றே தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவரும் முதலில் தரையைத்தான் பார்த்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. காந்தத்துக்குப் பதில் பெயின்ட்டின் தடிமனை மைக்ரானில் சொல்லும் கருவி. கூரையிலிருந்து தொடங்கினார், ஏனென்றால் கூரைக்கு மறுபெயின்ட் அடிப்பது அபூர்வம், அந்த எண்ணை வைத்து மற்றதை ஒப்பிடலாம். இடது பின் கதவில் மட்டும் எண் இரண்டு மடங்கு. டாக்டரிடம் கேட்டபோது, ஆஸ்பத்திரித் தூணில் உரசியதாக அவரே சொன்னார், பில்லையும் காட்டினார். டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார் இளைஞர்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நான்கு டயரும் வண்டியோடு பிறந்தவை. அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ள டாக்டர் ஒப்புக்கொண்டார். அடுத்து இளைஞர் சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார், சக்கரத்துக்குப் பின்னால் அது ஒழுகி வரும்வரை குனிந்து காத்திருந்தார். இலைச் சருகு அடைத்தால் அந்தத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கிவிடுமாம். மடிக்கணினியைச் சொருகி, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரிலும் மீட்டரிலும் கிலோமீட்டர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். ஒத்துப்போனது.

ஆர்.டி.ஓ. காகிதங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லோரும் போட்டுவிடுகிறார்கள், இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றுவதை மறக்கிறார்கள். மாற்றாவிட்டால் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு நாம் கிளெய்ம் கேட்க முடியாமல் போகலாம். விற்றவர் வருடக்கணக்கில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் ஏறும். தங்கை அதையும் முன்பே கணக்கில் சேர்த்திருந்தாள். புது வண்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தனியாக வங்கியில் போட்டிருக்கிறாள், வண்டிச் செலவுக்கு மட்டும்.

சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இளைஞர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா, கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு புக்குல போட்டிருக்கும். நம்மூரு வெயிலுக்கு அது ஆகாதுங்க. எண்பதாயிரத்துல மாத்திப்போடுங்."

இப்போ எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்டாள் தங்கை. நாற்பத்தொன்று என்றார். அவள் போனில் குறித்துக்கொண்டு, "அப்ப இடையில ஒருக்கா பிரேக்கும் பார்த்துருங்க தம்பி" என்றாள்.