துத்தநாகக் கூரையின் கீழிருந்து

பாரிஸ்,
ஜூலை 2025

அண்ணா அவர்களுக்கு, அண்ணியின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்று விவரமாக எழுதக் கோருகிறேன்.

சென்ற கடிதத்தில் தாங்கள், கத்திரி கழிந்து இத்தனை நாளாகியும் புதுச்சேரியில் உஷ்ணம் தணிந்தபாடில்லை என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில், "நீ குளிர்தேசத்தில் இருக்கிறாய், கொடுத்துவைத்தவன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த வரி வந்து சேர்ந்த சமயத்தில், தலையில் ஓர் ஈரத்துண்டும் இடுப்பில் ஓர் ஈரத்துண்டுமாக, கால்களைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டுப் பட்டப்பகலில் மின்விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவன் தங்கள் தம்பியேதான் என்பதை அறிவிக்காமல் இருந்தால் அது சகோதர துரோகமாகும்.

விஷயம் என்னவென்றால், பாரிஸ் பட்டணத்து வீடுகளின் தலையில் பெரும்பாலும் துத்தநாகத் தகடு வேய்ந்திருக்கிறார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஓஸ்மான் பிரபு பழைய சந்துகளை இடித்து அகலமான வீதிகளைப் போட்டு, வரிசை வரிசையாகக் கல்வீடுகள் எழும்பச் செய்தபோது, கனமில்லாததும் மழைக்கு ஒழுகாததுமான இந்தத் தகடு சௌகரியமாகப் பட்டிருக்கிறது. அதன் அடியில் வசிக்கப்போகிறவர்களைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டாம் மாடியில் தனவந்தர்களும், அதற்கு மேலே மத்தியதரக் குடும்பங்களும், எல்லாவற்றுக்கும் உச்சியில், தகட்டுக்கு நேர் கீழே, அவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்களும் வசிப்பதாக ஏற்பாடு. அத்தகைய இரண்டு அறைகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டு உண்டாக்கிய ஜாகையில்தான் நான் இருக்கிறேன். மின்தூக்கி ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். ஆறாம் மாடிக்குப் போகிறவர்களுக்குக் கால் இருக்கிறது என்பது அதை வைத்தவர்களுடைய அபிப்பிராயம் போலும். சாய்வான உட்கூரை கட்டிலுக்கு மேலே இறங்கி வருகிறபடியால், படுத்தபடியே கையை நீட்டினால் அதைத் தொடலாம். மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டால் கையை உடனே இழுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. இத்தனைக்கும் இந்தத் தகடு வேய்கிற கைவினையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கௌரவித்திருக்கிறது. கூரையைத் தூரத்திலிருந்து பார்த்து ரசித்தவர்கள் அளித்த கௌரவம் அது. அடியில் குடியிருப்பவர்களைக் கலந்துகொண்டதாக எனக்குத் தகவல் இல்லை.

வெப்பமானி காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒப்பிடுவது வீண் வேலை, அண்ணா. வைசியாள் வீதியில் நம் வீட்டைக் கட்டிய கொத்தனார், தெருத் தாழ்வாரம், திண்ணை, ரேழி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்பு வைத்து, கூடத்துக்குள் வெயில் வந்து சேர்வதற்குள் அதன் உக்கிரம் பாதியாக அடங்கிவிடும்படியும், மிஞ்சிய சூடு முற்றத்து வழியாக ஆகாயத்துக்கே திரும்பிப் போய்விடும்படியும் செய்தார். போதாததற்கு, மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்குக் கடற்காற்று வேறு வந்துவிடும். இங்கே கட்டியவர்களோ வெயிலை வருஷத்துக்கொருமுறை வருகிற அபூர்வ விருந்தாளியாகப் பாவித்து, வந்தவரை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிற விதமாகக் கட்டியிருக்கிறார்கள். பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்ட கற்சுவர்கள் இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. 2019 ஜூலை 25ஆம் தேதி இந்நகரத்தில் 42.6 டிகிரி பதிவாகி, 1947 முதல் நிலைத்திருந்த 40.4 டிகிரி என்ற பழைய எல்லையைத் தாண்டியபோது, புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் அமலுக்கு வந்தபோது நம் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று போட்ட கையெழுத்தை நான் நினைத்துக்கொண்டது உண்மை.

இங்கு கோடைக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. சூரியன் உதித்தவுடன் சன்னலையும் அதன் வெளிக்கதவையும் அடைத்துவிட வேண்டும். அஸ்தமித்தபிறகே திறக்க வேண்டும். சாஸ்திரம் சரிதான், ஆனால் இந்த மாதத்தில் அஸ்தமனம் ஏறத்தாழ இரவு பத்து மணிக்கு. எதிர் அறையில் இருக்கும் மாணவன், விபத்தில் சிக்கியவர்களுக்குப் போர்த்துகிற பொன்னிறத் தகட்டுப் போர்வை ஒன்றை வாங்கிவந்து, கூரைச் சன்னலின் கண்ணாடிமேல் ஒட்டித் தந்தான். அறைக்குள் சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனால் காற்றடிக்கும்போதெல்லாம் அது சலசலக்கிற சத்தத்தில், யாரோ இரவு முழுவதும் தலைக்கு மேல் பட்சணப் பொட்டலம் பிரிப்பதாகவே தோன்றுகிறது.

நம்மூரில் வெயில் என்பது குடும்ப விவகாரம். இங்கே அது சர்க்கார் காரியம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று உஷ்ணத்துக்கு நிறம் வகுத்திருக்கிறார்கள். ஜூலை முதல் தேதி பாரிஸுக்குச் சிவப்பு. ஈஃபிள் கோபுரத்தின் உச்சிக்கு ஜனங்களை ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். வானொலியைத் திறந்தால், தண்ணீர் குடியுங்கள், உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள், போதுமான அளவு சாப்பிடுங்கள், மதுவைத் தவிருங்கள் (இந்தத் தேசத்தில்!), உற்றார் உறவினரை விசாரியுங்கள் என்று ஓயாத உபதேசம். உறவினரை விசாரிக்கும்படி சர்க்கார் செலவில் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிற விநோதத்தை அண்ணியிடம் சொல்லுங்கள். நம் சொந்தபந்தங்களின் விசாரணையிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றத்தான் அங்கே சட்டம் வேண்டியிருக்கும்.

இதில் நானும் அகப்பட்டுக்கொண்டேன். தனியாக வசிக்கும் முதியவர்களுக்கென்று நகரசபை ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. லியோனில் இருக்கும் என் மகள் என்னைக் கேளாமலே அதில் என் பெயரைச் சேர்த்துவிட்டாள். அதன் பயனாக, கத்திரி வெயிலில் செருப்பில்லாமல் கிட்டிப்புள் ஆடி வளர்ந்த என்னை, பேரப்பெண் வயதுள்ள ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "முசியே, இன்று தண்ணீர் குடித்தீர்களா?" என்று விசாரிக்கிறாள். குடித்தேன் என்றேன். வேறென்ன அருந்தினீர்கள் என்றாள். மோர் என்றேன். அது மருந்தா என்று கேட்டாள். இல்லை, ஆனால் மருந்துக்கு அவசியம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, இங்குள்ள அரபுக்காரர் கடையில் புட்டியில் கிடைக்கிற லெபென் என்னும் புளித்த பாலை வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு ஆற்றி, லா ஷப்பேலில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கடையில் வாங்கிய இஞ்சியையும் கறிவேப்பிலையையும் தட்டிப்போட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்க்கிற முறையை விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டு, "ஆக, திரவம் அருந்துகிறீர்கள்" என்று பதிந்துகொண்டாள்.

இப்படிக் கேலியாக எழுதுகிறேனே தவிர, அந்தப் பதிவேட்டின் பூர்வீகம் தெரிந்தபின் அவள் அழைப்பை நான் தட்டுவதில்லை. 2003 ஆகஸ்டில், ஊரே விடுமுறைக்குக் கடற்கரைகளுக்குப் போயிருந்த சமயத்தில், இந்தத் தேசத்தில் சுமார் 15,000 பேர் உஷ்ணத்தால் மாண்டார்கள். அவர்களில் அநேகர் வயோதிகர்கள், பாரிஸில் பலர் என்னைப்போல் கூரைக்கடியில் தனித்திருந்தவர்கள். உரிமை கோர யாரும் வராத 57 பேரைத் தியே இடுகாட்டில் அடக்கம் செய்தபோது ஜனாதிபதி ஷிராக் நேரில் வந்து நின்றார்.

உஷ்ணம் மிகுந்த நாட்களில் எங்கள் வட்டாரத்து நகரமன்றத்தில் குளிரூட்டிய கூடம் ஒன்றைத் திறந்துவைக்கிறார்கள். அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். சீட்டாட்டம், பத்திரிகை, குளிர்ந்த நீர் எல்லாம் உண்டு. ஆனால் இந்நாட்டாருக்கு மரணத்தைவிடக் காற்றோட்டத்திடம் பயம் அதிகம். வெளியே தார் இளகிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு கிழவி கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, இயந்திரத்தின் காற்று பிடரியில் படுகிறது, ஜலதோஷம் வரும், நிறுத்துங்கள் என்றாள். வேறு இரண்டு பேர் ஆமோதித்தார்கள். நிறுத்திவிட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, அவரவர் வீட்டில் வியர்ப்பதற்குப் பதிலாகப் பொதுவில் வியர்த்தோம்.

இதைக்காட்டிலும் எனக்கு ஆறுதல் தருவது தெருமுனையில் இருக்கும் வாலஸ் குழாய்தான். 1870-71இல் பிரஷ்யர்கள் முற்றுகையிட்டதில் பட்டணத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்துவிட, ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் சீமான் 1872இல் தம் சொந்தச் செலவில் இவற்றை நகரமெங்கும் நாட்டினார். பரதேசத்தில் நிரந்தரமாகத் தண்ணீர்ப் பந்தல் வைத்த புண்ணியவான். கரும்பச்சை வர்ணம் பூசிய வார்ப்பிரும்பில் நான்கு பெண்கள் ஒரு கும்பக்கூரையைத் தலையில் தாங்கி நிற்கிறார்கள். கருணை, எளிமை, ஈகை, நிதானம் என்று அவர்களுக்குப் பெயர். நால்வரும் ஒரே அச்சு என்று நினைத்திருந்தேன். நிழலுக்காக நெடுநேரம் நின்று பார்த்ததில், ஒருத்தி வலது முழங்காலையும் இன்னொருத்தி இடது முழங்காலையும் மடித்திருப்பதும், கண்ணை மூடியவர்களும் திறந்தவர்களும் இருப்பதும் தெரிந்தது. நடுவில் நூல்போல் ஒரு தாரை. சங்கிலியில் கட்டியிருந்த தகரக் குவளைகளை, எச்சில் தோஷம் பற்றி 1952இல் எடுத்துவிட்டார்கள். நான் அம்மாவின் பித்தளைச் சொம்பைக் கொண்டுபோய்ப் பிடித்து, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தேன். ஒரு சிறுவன் தாயின் கையை உதறிவிட்டு வந்து, சொம்பு காலியாகும்வரை வாய்பிளந்து பார்த்தான்.

செய்ன் நதியில் குளிக்க 1923இல் விதித்த தடையை இந்த மாதம் 5ஆம் தேதி நீக்கி, மூன்று துறைகள் திறந்திருக்கிறார்கள். நதியைச் சுத்தம் செய்து தாமே அதில் இறங்கி நீந்திக் காட்டுவதாக, மேற்படி ஷிராக், மேயராக இருந்தபோது 1990இல் வாக்குக் கொடுத்திருந்தார். காரியம் கைகூடியபோது அவர் இல்லை. இடுப்பில் மஞ்சள் மிதவை கட்டிக்கொண்டு நீந்த வேண்டும். திறந்த மறுநாளே மழை பெய்து மூடிவிட்டார்கள். இதே நதியின் நீரைக்கொண்டு குளிர்ச்சி உண்டாக்கி, பூமிக்கடியில் குழாய் போட்டு லூவர் மாளிகைக்கு அனுப்புகிறார்கள். மோனா லிசா அம்மையார் புன்னகை மாறாமல் இருப்பதற்குக் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது.

அண்ணி, பணம் காசுக்குப் பஞ்சமில்லையே, ஒரு ஏ.சி. வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டிருக்கிறார்கள். வைக்கலாம். ஆனால் அதன் வெளிப்பெட்டியைச் சுவரில் பொருத்தக் கட்டடத்துப் பங்குதாரர்கள் கூடி வாக்களித்து இசைய வேண்டும். பொதுக்கூட்டம் வருஷத்துக்கு ஒன்று. எங்களுக்கு அது டிசம்பரில். சென்ற டிசம்பரில் நான் முறைப்படி விண்ணப்பம் கொடுத்திருந்தேன். எல்லோரும் மேல்கோட்டும் கையுறையுமாக வந்து, கொதிகலன் பழுதாகிக் குழாய்களில் சூடு ஏறாததைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். என் விண்ணப்பத்தை வாசித்தபோது மூன்றாம் மாடி அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை அனுதாபத்தோடு பார்த்து, "இந்தக் குளிரிலா, முசியே?" என்றாள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் பிரியமுள்ள தம்பி