பன்னிரண்டு கம்பி எண்ணுகிறேன்

தீபாவளி போனஸில் வாஷிங் மெஷின் வாங்குவதாக வீட்டில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. வந்து சேர்ந்ததோ பழைய பன்னிரண்டு கம்பி கிதார். கோவையில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்த ஒருவர், கீபோர்டே எல்லா வாத்தியமும் ஆகிவிட்ட பிறகு பீரோ மேல் ஏற்றிவைத்திருந்தது.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஊசி ஓட்டை ஒன்று தெரிந்தாலும் பீஸை ஒதுக்கிவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் கிதாரையும் பார்த்தேன். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைத்திருந்தது. "பன்னெண்டு கம்பின்னா கொஞ்சம் தொப்பை இருக்கத்தானுங்க செய்யும்" என்றார் விற்றவர். எனக்கும் இருப்பதால் அதை டிஃபெக்டில் சேர்க்க மனம் வரவில்லை. உள்ளே ஒட்டியிருந்த லேபிளைக் காணோம். திருப்பூர் காதர்பேட்டையில் லேபிள் வெட்டிய சரக்கை உடுத்தியே வளர்ந்தவனுக்கு அதெல்லாம் ஒரு குறையா? வெளிநாட்டுக் கிதார் எட்டாக்கனியாக இருந்த காலத்தில் நம் கச்சேரிகளுக்குக் கை கொடுத்தவை கொல்கத்தா கிதார்கள். அமெரிக்கக் கிப்சனுக்கு அங்கே கிவ்சன் என்று ஓர் உறவினர் உண்டு; ஹோப்னர் என்று இன்னொருவர். இந்த உறவுமுறை திருப்பூர்க்காரனுக்குச் சொல்லாமலே புரியும். என்னுடையது யார் வீட்டுப் பிள்ளையோ!

"எதுக்குடா கண்ணு பன்னெண்டு? சரஸ்வதியே ஏழு கம்பில சமாளிக்கறா" என்றார் அம்மா. வீணைக்கு ஏழுதான், மறுக்க முடியாது. இதிலும் ஆறு வரிசைதான், வரிசைக்கு இரண்டு கம்பி, சேர்த்தே அழுத்த வேண்டும் என்று விளக்கினேன். நான்கு ஜோடிகளில் ஒரு கம்பி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும். கடைசி இரண்டு ஜோடிகள் ஒரே சுருதி. ஜோடிக்குள் இருக்கும் இழையளவு வித்தியாசத்தில்தான் அந்த மினுமினுப்பு. "அப்ப ஒரே பாட்டை ரெண்டு வாட்டி வாசிக்கறே" என்று அம்மா சுருக்கிவிட்டார்.

பன்னிரண்டையும் முழுச் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவை சுமார் 110 கிலோ. தொப்பைக்குக் காரணம் அதுதான். ஆகவே பழைய கிதாரை ஒரு முழு டோன் இறக்கி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டி வாசிப்பது நல்லது. இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் இறக்கினாலும் டியூன் செய்தாக வேண்டுமே! ஒரு ஜோடியை ஏற்றினால் கழுத்து லேசாக வளைந்து, ஏற்கெனவே சேர்த்தவை இறங்கும். கடைசிச் சாவிக்கு வருவதற்குள் முதல் கம்பி விலகியிருக்கும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஓவர்லாக் மெஷின். போனில் இருந்த ஆப் அந்த மோட்டாருக்கே சுருதி காட்டியது. மெஷின் ஏறக்குறைய சரியாக இருந்தது, நான்தான் இல்லை. கிதார் தலையைக் கவ்விக்கொள்ளும் டியூனர் மரத்தின் அதிர்வைத்தான் பார்க்கும், வெளிச்சத்தத்தைச் சட்டை செய்யாது என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கினேன். அந்தச் செலவு வீட்டுக்குத் தெரியாது. இருந்தாலும் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைத்தான். தெருவே அடங்கிக் கிடக்கும். கரண்ட் திரும்ப வருவதற்குள் மூன்றாவது ஜோடியைத் தாண்டிவிட்டால் அது எனக்கு நல்ல நாள்.

விரல் நுனியில் விழுந்த பள்ளங்களை மனைவியிடம் காட்டினேன். பவர் டேபிளில் தைத்த காலத்தில் ஊசி நகத்தோடு இறங்கிய விரலை அவள் பதிலுக்குக் காட்டினாள். "ஏனுங்க, இதுக்கு நான் லீவு கூடப் போடலீங்க." பேச்சு அத்தோடு முடிந்தது.

லெட்பெல்லி என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் இந்த வாத்தியத்துக்குப் பேர்போனவர். கொலை வழக்கில் டெக்சாஸ் சிறையில் இருந்தவர், கவர்னர் பாட் நெஃப் முன்னால் பாடிக் கருணை கேட்டு 1925இல் விடுதலையானார். எங்கள் வீட்டுக் கவர்னர் அவ்வளவு இளகியவர் இல்லை. அவள் கேட்டது 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து 'இளைய நிலா'. சந்திரசேகரின் கிதார் ஓடிய பாட்டு; அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கிதார் தொட்டவன் எவனும் தப்பிக்க முடியாத பரீட்சை. நான் வாசித்து முடித்ததும், "டியூன் பண்ணியாச்சுங்களா? இனிப் பாட்டை வாசிங்க" என்றாள். இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து வீட்டில் என் வாசிப்பைப் பற்றி ஒரு குறையும் எழுவதில்லை. நான்தான் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லையே!

ஒரே ஒரு தொல்லை பாக்கி. கடைசியிலிருந்து மூன்றாவது ஜோடியின் மெல்லிய கம்பிதான் பன்னிரண்டிலும் உச்சத்துக்கு ஏறுவது. அடிக்கடி அறுவதும் அதுதான். அதற்காக முழு செட் வாங்கினால் மீதிப் பதினொன்று சும்மா கிடக்கிறது. சென்னைக்குப் போகும் அன்பர்கள், அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடைப்பக்கம் போனால், எட்டு அல்லது ஒன்பது கேஜில் ஒற்றைக் கம்பி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் கூரியரில் கம்பெனிக்கு அனுப்புங்கள். வீட்டு முகவரிக்கு வேண்டாம்.