அம்புக்குறி அபாவ விளக்கம்

தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளில், பதில் போட்ட கடிதத்தின் பக்கத்தில் வளைந்த அம்புக்குறி ஒன்று நிற்க வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. "அவருக்குப் பதில் போட்டாச்சா?" என்று மேலதிகாரி கேட்கும்போதுதான் அந்த இல்லாமை கண்ணில் படும் என்பது ஆன்றோர் துணிபு.

இல்லாமை, அதாவது அபாவம், நான்கு வகை என்பர் தருக்க நூலார். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்த சிவஞான முனிவர் மின்னஞ்சலை மனத்தில் கொண்டிருக்க நியாயமில்லை, ஆயினும் பொருந்துகிறது.

முதலாவது முன்னபாவம்: வனையுமுன் குடம் இல்லாமை. பதிலை எழுதி, அனுப்பாமல் டிராஃப்ட்டில் கிடத்தியவருக்கு நேர்வது. மென்பொருளை வைபவரில் பலர் இவ்வகையினர் என்பது என் ஐயம்.

இரண்டாவது அழிவுபாட்டபாவம்: இருந்தது உடைதல். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எம்எஸ்எஃப் என்று முடியும் சுட்டுக் கோப்பு ஒன்று உண்டு. அது கெட்டால் பட்டியல் உளறும். ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தினால் சுட்டு புதிதாக எழுதப்படும். அற்றேல், சுட்டோடு குறியும் ஒழியாதோ எனின், அறியாது வினவினாய். கணினியில் இறக்கிய கடிதத்தின் தலைப்பகுதியிலேயே எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ் என்றொரு வரி உண்டு. படித்ததற்கு 1, பதிலிட்டதற்கு 2, நட்சத்திரத்துக்கு 4 எனக் கூட்டி எழுதியிருக்கும். 0003 என்றால் படித்தாய், பதிலும் போட்டாய். தலையெழுத்து, அவ்வளவுதான்.

மூன்றாவது முழுதுமபாவம், அதாவது முயற்கொம்பு. 1996ஆம் ஆண்டின் பாப்3 நெறிமுறைக்குக் கடிதத்தை இறக்கவும் அழிக்கவும் தெரியும். பதிலிட்ட குறியைச் சுமக்கத் தெரியாது. கைபேசியில் பதில் போட்டுவிட்டு மேசைக் கணினியில் அம்பைத் தேடுவோர் முயலின் தலையைத் தடவுகிறார்கள். ஐமேப் நெறிமுறைக்கு மாறினால் உய்வு உண்டு. அங்கே 'ஆன்சர்டு' என்னும் கொடி சர்வரிலேயே நடப்படும். கைபேசிச் செயலிக்கு நட மனமிருந்தால்.

நான்காவது ஒன்றினொன்றபாவம். இடம் நோக்கிய அம்பு பதில். வலம் நோக்கியது ஃபார்வர்டு. ஒன்று மற்றதன்று. மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, நூலார் விட்டுப்போன ஐந்தாவது: பொருள் இருக்க, அதற்குரிய பத்தி மறைந்திருத்தல். என் கணிப்பில் வழக்குகளில் பாதிக்கு இதுவே மூலம். பட்டியலின் தலைவரிசையில் வலக்கோடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தி, 'ஸ்டேட்டஸ்' என்பதற்கு டிக் போட்டால், 'ரிப்ளைடு' என்று எழுத்திலேயே வந்து நிற்கும். அப்பொத்தானையே காணோமே எனின், நீ கார்ட்ஸ் வியூவில் இருக்கிறாய். 2023 ஜூலையில் வெளிவந்த 'சூப்பர்நோவா' என்னும் 115ஆம் பதிப்பின் வரவு அது. அதில் தலைவரிசையே கிடையாது. டேபிள் வியூவுக்கு மாறுக.

அம்பு வந்துவிட்டது, எதிர்த்தரப்போ "மெயில் வரவே இல்லை" என்கிறது எனின், அம்பு சாட்சி சொல்வது இங்கிருந்து பதில் புறப்பட்டதற்கு மட்டுமே. அங்கே சேர்ந்ததா என்பதை அவர்தான் தம் ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டும். பார்க்க மாட்டார்.