கனைப்பு

புனேயில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பெயர் சொசைட்டி. அதனால் 'தனி மனிதனின் கெட்ட பழக்கத்தில் சொசைட்டி தலையிடலாமா?' என்று யாராவது கேட்டால், எங்களுக்கு அது தத்துவக் கேள்வியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கை தூக்கி முடிவு செய்கிற விஷயம். போன மாதம் அப்படித்தான் முடிவாயிற்று: பால்கனியில் சிகரெட் பிடிக்கக் கூடாது. இரண்டாம் மாடிப் பையன் விடுகிற புகை மூன்றாம் மாடித் தொட்டிலுக்குப் போகிறதாம். அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "காகா, நீங்கள்தான் இதில் பழைய ஆள்" என்றார் செயலாளர். (காகா என்றால் மராட்டியில் சித்தப்பா.) எதில் என்று அவர் விளக்கவில்லை. அவசியமும் இல்லை.

என் முதல் சிகரெட் கும்பகோணத்தில், பதினெட்டு வயதில். அன்றைக்கு அதைத் தடுக்க எந்தச் சட்டமும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆனால் தெரு முழுக்கச் சட்டம்தான். சித்தப்பா வந்தால் கை முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். வாத்தியார் வந்தால் கீழே போட்டு மிதிக்க வேண்டும். மூக்கிலிருந்து புகை வந்துகொண்டே இருக்கலாம், பாதகமில்லை. சிகரெட் கண்ணில் படாதவரை மரியாதை கெடவில்லை என்று அர்த்தம். மிராசுதாரைக் கண்டால் பண்ணையாள் தோள் துண்டை இறக்கும்போது காதோரத்து பீடியும் சேர்ந்து மறையும். பெண்கள் பிடிப்பது பற்றிப் பேச்சே கிடையாது, பேசினாலே குற்றம். இத்தனையும் கட்டுப்பாடு என்று யாருக்கும் தோன்றவில்லை. பண்பாடு என்று சொல்லிக்கொண்டோம்.

அப்பா வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். வெளியே போய்விட்டுத் திரும்பினால், தெருமுனையிலேயே பலமாக ஒரு கனைப்பு கனைத்துவிட்டுத்தான் எங்கள் தெருவுக்குள் திரும்புவார். அதைக் கேட்டதும் நான் சிகரெட்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டுத் திண்ணையில் ஒழுங்காக உட்கார்ந்துகொள்வேன். அவருக்குக் கபம் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான், சுக்கைத் தட்டிக் கஷாயம் வைப்பாள்.

1981இல் வேலை கிடைத்துப் புனே வந்தேன். ராஸ்தா பேட்டையில் ஒரு மெஸ், சிஞ்ச்வடில் தொழிற்சாலை. முதல் மாதச் சம்பளத்தைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது: ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சித்தப்பாவே கிடையாது. லோணாவாலா லோக்கலின் வாசலில் சாய்ந்து நின்று சிவாஜிநகரில் ஒன்று, காசர்வாடியில் ஒன்று என்று ஸ்டேஷன் கணக்கில் சார்மினார் பிடித்தேன். தொழிற்சாலையில் என் மேஜைக்கென்று ஓர் ஆஷ்டிரே இருந்தது. கழித்துப் போட்ட பிஸ்டனை லேத்தில் கொடுத்துக் கடைந்து, பாலிஷ் போட்டு, பயிற்சிப் பையன்கள் அன்பளித்தது. டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து "இருமு" என்பார், நான் இருமுவேன், அவர் கையிலிருந்த சிகரெட்டின் சாம்பல் என் சட்டையில் விழும். "ஒன்றுமில்லை, ஊர்க் குளிர்" என்று இருவரும் முடிவு செய்வோம்.

அந்தப் புனேயில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. எச்சரிப்பதுதான் புனேக்காரர்களின் குலத்தொழில். 'புணேரி பாட்டி' என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பலகைகள் வாசலுக்கு வாசல் தொங்கும். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை மணி அடிக்காதே. கேட்டை மறித்து வண்டி நிறுத்தாதே. 'யேதே துங்கூ நயே' என்று மொட்டையாக 'இங்கே துப்பாதே' எழுதுவது சோம்பேறிகள் வேலை. எங்கள் மெஸ் இருந்த சந்தில் ஒரு பெரியவர், 'துப்பியே ஆகவேண்டுமென்றால் மணி அடியுங்கள், உங்கள் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே வந்து துப்புகிறேன்' என்று எழுதியிருந்தார். படித்துச் சிரித்துவிட்டு, அடுத்த சுவரில் துப்பினோம்.

அரசாங்கமும் அப்போது எங்களோடு சேர்ந்துதான் புகைத்தது என்று சொல்ல வேண்டும். 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. பிப்ரவரி 29ஆம் தேதி புனே நேரு ஸ்டேடியத்தில் கென்யாவின் 166 ஓட்டத்தை எட்ட முடியாமல் மேற்கிந்தியத் தீவுகள் 93க்குச் சுருண்டதை நான் நேரில் பார்த்தேன். ஒரு விக்கெட்டுக்கு ஒன்று என்று பிடித்தேன். மைதானத்தைச் சுற்றி சிகரெட்டின் பெயர், கையில் சிகரெட், முன்வரிசையில் யாரோ ஒருவருடைய ஆறு வயதுப் பையன் புகையைக் கையால் விலக்கி விலக்கி ஆட்டம் பார்த்தான். 'கெட்டிக்காரப் பையன், கவனம் சிதறவில்லையே' என்று பாராட்டினேன்.

பிறகு காற்று திரும்பியது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகை கூடாது என்றது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, அலுவலகம், ஓட்டல், தியேட்டர் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை. பிடிபட்டால் 200 ரூபாய்வரை அபராதம். அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். மறுநாள் என் பிஸ்டன் ஆஷ்டிரேயை எடுத்துக்கொண்டு போனார்கள். "தும்சா அன்புமணி!" (உங்கள் அன்புமணி!) என்று மராட்டிய நண்பர்கள் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். தமிழனாகப் பிறந்ததற்கு அத்தனை வருஷத்தில் புனேயில் நான் கேட்ட ஒரே திட்டு அதுதான். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, 'என் நுரையீரல், என் உரிமை' என்று வராந்தாவில் பிரசங்கம் செய்தேன். கும்பகோணத்தில் சித்தப்பாவிடம் இந்தப் பிரசங்கத்தைச் செய்ய எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

சட்டத்தை மதிக்கும் குடிமகனாகையால், புகையில்லாத புகையிலைக்கு மாறினேன். பிதுரார்ஜிதம், தாம்பூலம் என்று பெயர் வைத்தால் கௌரவமும்கூட. அந்த வட்டாரத்தில் ஆளும் துணையும் ஏராளம். குட்கா பொட்டலங்களை நாடெங்கும் தொங்கவிட்ட மாணிக்சந்தே புனேக் கம்பெனிதான்; 2000ஐ ஒட்டிய சில வருஷங்கள் பிலிம்பேர் விருதுகளையே தன் பெயரால் வழங்கியது. மாநில அரசு 2002இல் குட்காவைத் தடை செய்து பார்த்தது; அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லையென்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012 ஜூலையில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி தடை வந்தது. அடுத்த வருஷம் தமிழ்நாட்டிலும். பொட்டலம் கயிற்றிலிருந்து இறங்கி டப்பாவுக்குள் போயிற்று. மாடிப்படி மூலைகளில் மட்டும் ஒரு மாற்றம்: விநாயகர், சாயிபாபா, சிலுவை, மெக்கா என்று டைல்ஸ் பதித்தார்கள். சட்டத்தால் முடியாத வேலை மதங்களின் தலையில் விழுந்தது. நாங்கள் பக்தியோடு ஓரடி தள்ளித் துப்பினோம்.

2018 நவம்பரில், நான் ஓய்வு பெற்ற புதிதில், புனே மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. தெருவில் துப்புகிறவர்களைப் பிடித்து, அபராதமும் வாங்கி, துப்பியதை அவர்களையே துடைக்கவும் வைத்தது. பேப்பரில் படித்து, 'இப்படித்தான் செய்யணும் இவங்களை' என்று மனைவியிடம் சொன்னேன். நான்கைந்து நாள் கழித்து, பிப்வேவாடி சிக்னலில் ஸ்கூட்டரிலிருந்து சாய்ந்து துப்பி நிமிர்ந்தால், எதிரே வாளியோடு இரண்டு பேர்.

"காகா, புசா" என்றான் இளையவன். துடையுங்கள். மராட்டியில் மரியாதை விகுதி போட்டுத்தான் சொன்னான். அதுதான் அதிகம் வலித்தது. இரட்டை அபராதம் தருகிறேன் என்றேன். ரசீதும் உண்டு, துணியும் உண்டு என்றான். குந்தி உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றியதும் கறை போகவில்லை, பெருகியது. ஒரு கையகலம் இருந்தது முறத்தகலம் ஆயிற்று. சுண்ணாம்பு சேர்ந்த சிவப்பு கல்லின் பொரிப்பொரிப் பள்ளங்களில் இறங்கிக்கொண்டு வர மறுத்தது. விளக்குமாற்றில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி அம்மாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "முதலில் மண் போடுங்க. ஊறட்டும். மண்ணோடு சேர்த்துத் தேய்ங்க, அப்புறம் தண்ணி." அப்படிச் செய்தேன். போயிற்று.

அபராதம் எவ்வளவு என்பது மறந்துவிட்டது. மண் மறக்கவில்லை. இத்தனை வருஷமாக என் வாயிலிருந்து போனதற்கு ஓர் ஆள் இருந்திருக்கிறாள்; அவளிடம் அதற்கு ஒரு கைப்பக்குவம் இருந்திருக்கிறது. கும்பகோணத்துச் சட்டத்தில் 'யார் பார்க்கிறார்கள்' என்று மட்டும்தான் கேள்வி. யார் மூச்சில் போகிறது, யார் துடைக்கிறார்கள் என்று அது கேட்டதே இல்லை. அன்றைக்கு வெற்றிலைப் பெட்டியை மூடினேன்.

அதற்காக அதிகாரிகள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல இந்த ஊர்க்காரனால் முடியாது. நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த சிஞ்ச்வட், சாபேகர் சகோதரர்களின் ஊர். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது ராண்ட் என்ற அதிகாரி சிப்பாய்களை வீடு வீடாக அடுப்பங்கரைவரை அனுப்பினார். நோக்கம் சுகாதாரம்தான். ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் அந்தச் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். அதே 1897இல் வந்த தொற்றுநோய்ச் சட்டத்தை 2020இல் தூசி தட்டி எடுத்தார்கள். மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகளும் புனேயில்தான். ராண்ட் வீட்டுக்குள் புகுந்தார். வாளிக்காரப் பையன் தெருவிலேயே நின்றுகொண்டு, தெருவில் கிடந்ததை மட்டும் காட்டினான். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

பால்கனி வீடா, தெருவா? பலகை எழுத உட்கார்ந்தபோது அங்கேதான் முட்டியது. கடைசியில், 'மேலே குழந்தை தூங்குகிறது. உங்கள் புகைக்கு மாடி ஏறத் தெரியும்' என்று எழுதிக் கொடுத்தேன். அபராதத் தொகை இல்லாத பலகை செல்லாது என்று கமிட்டி அடியில் 500 ரூபாய் சேர்த்தது.

அன்றிரவு பத்தரைக்கு நடக்க இறங்கினேன். கேட்டுக்கு வெளியே டப்ரி, அதாவது பெட்டிக்கடை. திறந்த வெளி, சட்டத்துக்குச் சம்மதம். இரண்டாம் மாடிப் பையன் அங்கே நின்றான். வாட்ச்மேன் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டைவிரலால் கசக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரின் கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. பையனின் தோளுக்கு மேலே புகை எழுந்தது. "குட் ஈவினிங், அங்கிள்" என்றான், மூக்கு வழியாக.

மறுநாள் இரவு கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே பலமாக ஒரு கனைப்பு கனைத்தேன்.

"என்னங்க, கபமா?" என்றாள் கூட வந்த மனைவி. "சுக்குத் தட்டிப் போடவா?"

"ஆமாம், கபம்தான்" என்றேன்.