தெரியாத சொல்லில் நிற்காதே: கேம்பிரிட்ஜுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கோவிந்தாபுரத்துக்கும் குமுளிக்கும் இடைப்பட்ட எல்லையோரத் தமிழர்களில் ஒருவன்.

பெறுநர்: ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கில வாசிப்புத் தேர்வுக்குக் கேள்வி தயாரிக்கும் பெருமக்கள், கேம்பிரிட்ஜ்.

நகல்: கேரள அரசு, திருவனந்தபுரம் (வழக்கம்போல் கோப்பில் சேர்க்க).

பொருள்: தெரியாத சொல்லுக்குச் சூழலைப் பார்த்துப் பொருள் ஊகிக்கும் திறன் – எல்லைத் தமிழர்களுக்கு முன்அனுபவ மதிப்பெண் கோருதல் – தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

நர்சிங் முடித்து வெளிநாடு கிளம்பும் எங்கள் பெண் பிள்ளைகள் உங்கள் தேர்வை எழுதுகிறார்கள். பிரிட்டனில் நர்சாகப் பதிவுசெய்ய வாசிப்பில் 7 வேண்டும். எழுத்துக்கு மட்டும் மனமிரங்கி 6.5 ஆக்கியிருக்கிறார்கள். 60 நிமிடம், மூன்று நீளமான பகுதிகள், 40 கேள்விகள். இதைத் தாண்ட வைக்க ஊருக்கு ஊர் கோச்சிங் சென்டர். அங்கே சொல்லித்தரும் உபாயங்களைக் கேட்டபோது எங்களுக்கு வந்தது பயமல்ல, ஏக்கம். இதற்கெல்லாம் மார்க் உண்டென்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? நாங்கள் பல காலமாக இதை இலவசமாகச் செய்துவருகிறோம்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தார்கள். தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் இங்கே கேரளத்திலேயே இருந்துகொண்டோம். மலையாளம் பேசுவதில் எங்களுக்குத் தகராறில்லை. சந்தையில் பேரம் பேசுவோம், சண்டையும் போடுவோம். ஆனால் பேச்சு மலையாளம் வேறு, பாரத்தில் அச்சடித்த மலையாளம் வேறு. எங்கள் வாசிப்புத் தேர்வு அங்கே தொடங்குகிறது. மையத்தின் பெயர் வில்லேஜ் ஆபீஸ்.

உங்கள் முதல் உபாயம்: நன்றாகத் தெரிந்த பொருள்தான் பொறி, அதில் கால் வைக்காதே. முற்றிலும் உண்மை. நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்தவரிடம் அடுத்துப் 'போக்குவரவு' செய்யச் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து புதிதாக வந்தவர் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார். இங்கே அது பட்டா பெயர் மாற்றம். 'கரமடச்ச ரசீது' கேட்டால் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டாம். நிலவரி கட்டிய சீட்டைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது உபாயம்: நீளச் சொல்லைப் பிரித்து, வேரைப் பார். பார்த்தோம். 'அனந்தராவகாசம்' என்றொரு சான்றிதழ். அனந்தரம் என்றால் பிறகு, அவகாசம் என்றால் நேரம். பிறகு நேரம் தருவார்கள் போலிருக்கிறது என்று திரும்பிவிட்டால், அப்பன் விட்டுப்போன அரை ஏக்கர் அம்போ. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அது வாரிசுச் சான்றிதழ். இதே கணக்கில் தகவலறியும் உரிமை அவர்களுக்கு 'விவராவகாசம்'. விவரம் சொல்ல அவகாசம் கேட்கிறார்கள் என்று நாங்கள் ஊகித்தால் அதை முழுத் தப்பென்று தள்ளிவிட முடியாது. 2005-ஆம் வருடச் சட்டமே பதில் சொல்ல 30 நாள் கொடுக்கிறது. இதற்கு அரை மார்க்காவது போடலாம்.

மூன்றாவது உபாயம்: முன்பின் வாக்கியங்களைப் பார். எங்களுக்கு முன்வாக்கியம் என்பது வரிசையில் முன்னால் நிற்பவர்; பின்வாக்கியம் பின்னால் நிற்பவர். முன்னவர் எந்தத் தாளை எடுக்கிறாரோ அதையே நாமும் எடுத்தால் பாதி விடை தேறும். நான்காவது உபாயம்: தவறான விடைகளை ஒவ்வொன்றாகக் கழி. நான்கு ஜன்னல் உள்ள ஆபீஸில் மூன்றில் "இவிடெ அல்ல" என்று கேட்டு முடித்தால் மிச்சமிருப்பதுதான் சரியான விடை. அதற்குள் அங்கே சாப்பாட்டு நேரம் வந்துவிடும் என்பது உங்கள் கையேடுகளில் விடுபட்ட குறிப்பு.

இத்தனை உபாயமும் செல்லாத கேள்வி ஒன்றிருக்கிறது. அதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பாரத்தில் 'வீட்டுப்பேர்' என்றொரு கட்டம். சொல்லில் சிக்கலே இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். மலையாளிக் குடும்பத்துக்கு வீட்டுப்பேர் உண்டு, அது பிறப்பிலேயே கூட வருவது. எங்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து உண்டு, குலதெய்வம் உண்டு; வீட்டுப்பேர் கிடையாது. அதிலும் மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு வீடே கிடையாது. இருப்பது கம்பெனியின் லயம் என்ற வரிசைக் குடியிருப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதையும் காலி செய்யவேண்டும். மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் குடும்பத்துப் பாட்டி ஒருத்தி அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவாள்? லயத்தின் நம்பரை எழுதுவாள். நாளைக்கு ரேஷன் கார்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பேர் என்று மூன்றும் மூன்று திசையில் நிற்கும். தெரியாத சொல்லை எப்படித் தாண்டுவது என்று நீங்கள் சொல்லித்தருகிறீர்கள். தெரிந்த சொல்லுக்குரிய பொருள் கையில் இல்லாதபோது என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

அடுத்து மதிப்பெண் முறை. உங்கள் தேர்வில் தப்பான விடைக்குக் கழிவில்லை. ஆகவே எதையும் காலியாக விடாதே என்கிறீர்கள். நல்ல மனசு. கேரள பி.எஸ்.சி. தேர்வில் ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். வில்லேஜ் ஆபீஸில் தப்பாக நிரப்பினால் ஒரு நாள் கூலி போகும், ஜீப் வாடகை போகும், மறுபடி வரும்போது ஆபீசர் லீவிலும் போவார். மூன்று தேர்வையும் எழுதியவர்கள் என்ற முறையில் சொல்கிறோம், உங்களுடையதுதான் சுலபம்.

ஒரு மாதிரி வினாத்தாளும் இணைத்திருக்கிறோம். வாசிப்புப் பகுதி: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், மறுமொழியும் அந்த மொழியிலேயே தரப்படவேண்டும் என்கிறது அது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் ஆபீஸ்களுக்கும் இது பொருந்தும். இனி, உங்கள் பிரசித்தி பெற்ற ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்.

கூற்று 1: தமிழில் மனு எழுதலாம். ட்ரூ.

கூற்று 2: பதில் தமிழில் வரவேண்டும். ட்ரூ.

கூற்று 3: பதில் தமிழில் வருகிறது. இதற்கு ஃபால்ஸ் போட எங்களுக்குக் கை வரவில்லை. யாராவது ஒரு புண்ணியவானுக்கு வந்திருக்கலாம். நாட் கிவன் என்று போட்டிருக்கிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. தமிழும் மலையாளமும் அறிந்த குமாஸ்தா என்று பி.எஸ்.சி. தனியாகவே ஆளெடுக்கிறது. அவர் இருக்கும் ஜன்னல் எது என்பதுதான் நான்காவது கேள்வி. இப்போது பாதி வேலை அக்ஷயா இ-சேவை சென்டர் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால் ஜன்னலையும் காணோம். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் "சேச்சி, இது அதாணு" என்று சொல்வதே எங்கள் அகராதி.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு முடித்த எவருக்கும் வாசிப்பில் நேரடியாக 7 வழங்கவேண்டும்.

2. உங்கள் சான்றிதழ் இரண்டு வருடத்தில் காலாவதியாகிறது. எங்கள் தேர்வுக்குக் காலாவதி இல்லை, ரிசல்ட்டும் இல்லை. இரண்டையும் சராசரி பார்த்து ஒரு வழி செய்யவும்.

3. கேள்வி தயாரிக்கும் குழுவில் லயத்துப் பாட்டி ஒருவருக்கு இடம் வேண்டும். சம்பளம் வேண்டாம், ஜீப் வாடகை போதும்.

4. குழுவினர் அனைவரும் ஒருமுறை இங்கே வந்து, 60 நிமிடத்துக்குள் ஒரு பாரம் நிரப்பிக் காட்டவேண்டும். வீட்டுப்பேர் கட்டத்தில் கேம்பிரிட்ஜ் என்று எழுத அனுமதியில்லை.

இப்படிக்கு,
எல்லையோரத் தேர்வர்

பின்குறிப்பு (நம் பிள்ளைகளுக்கு மட்டும்): கேம்பிரிட்ஜ் தாளில் தாராளமாக ஊகித்து எழுதுங்கள், ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். பாட்டியோடு வில்லேஜ் ஆபீஸ் போகும்போது மட்டும் அவரை ஊகிக்க விடாதீர்கள். மனுவைத் தமிழிலேயே எழுதி, மேலே 1969-ஆம் ஆண்டுச் சட்டம் என்று குறிப்பிட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.