அறுபது மாவட்டத் தமிழ்நாடு

எம்.எஸ்ஸி. டேட்டா சயின்ஸில் ‘தரவுப் பகுப்பாய்வும் காட்சிப்படுத்தலும்’ என்று ஒரு பேப்பர். பெயரைக் கேட்டால், கலர் கலராகப் படம் போட்டு மார்க் வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சீனியர்களும் “ஸ்கோரிங் பேப்பர்டா” என்றார்கள். சீனியர்கள் எந்தப் பேப்பரைப் பற்றியும் அதையேதான் சொல்வார்கள்.

முதல் மாதம் சுகமாகவே போனது. வகுப்புக்கென்றே குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்த டேட்டா சில உண்டு. புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் கட்டுரை எழுதிய 150 ஐரிஸ் பூக்கள். 1974-ஆம் வருடத்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்த 32 கார்கள். ஐரிஸ் பூவை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் இதழ் எத்தனை சென்டிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அப்புறம் டைட்டானிக். 1912-இல் ஒரே தடவை மூழ்கிய கப்பலை, உலகத்துக் கல்லூரிகளெல்லாம் சேர்ந்து செமஸ்டர் தவறாமல் மூழ்கடித்துக்கொண்டிருக்கின்றன. அதில் யார் பிழைப்பார்கள் என்று ப்ரோக்ராம் எழுதிக் கணிக்க வேண்டும். இன்டர்னலில் நாங்கள் பிழைப்போமா என்று கணிக்கத்தான் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

பிறகு பிராஜெக்ட் வந்தது. “நம்ம ஊர் டேட்டாவா எடுங்க” என்றார் மேடம். கலைவிழாப் போட்டிகளுக்கு ஆன்லைன் படிவத்தில் வந்து குவிந்திருந்த பெயர்ப்பதிவுகளை எடுத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். என் கோப்பில் அறுபதுக்கும் மேல். திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி. போதாததற்குத் ‘திருச்சி’க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டி இன்னொரு திருச்சி. நமக்கு எல்லாம் ஒரே மலைக்கோட்டைதான். கம்ப்யூட்டருக்கு நான்கு ஊர். தூத்துக்குடியும் டூட்டிகொரினும் அதன் கணக்கில் வேறு வேறு துறைமுகங்கள். ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் எல்லோரும் இனிஷியலைப் போட்டிருந்ததால், ‘எஸ்’ என்ற ஒரே குடும்பத்திலிருந்து மட்டும் ஒரு பெருங்கூட்டம் கலைவிழாவுக்கு வரவிருந்தது. பிறந்த தேதி 04/05 என்றால் ஏப்ரல் ஐந்தா, மே நான்கா? பெற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு பெண்ணின் வயது 2003. ஔவையாரே நடுவராக வந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டிய வயது.

எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி வரைபடத்தில் ஏற்றினால், கிடைத்த வரைபடம் 32 மாவட்டக் காலத்தது. 2019-இலும் 2020-இலும் பிறந்த ஆறு மாவட்டங்கள் அதில் இல்லை. என் அறைத்தோழன் தென்காசிக்காரன். “எங்க ஊர எங்கல?” என்றான். “திருநெல்வேலிக்குள்ளதான் இருக்கு” என்றேன். அன்று முழுக்க அவன் பேசவில்லை.

அடுத்தது நிறம். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடாது, ஆண்களில் பலருக்கு அவை பிரித்துத் தெரியாது என்பது பாடம். தமிழ்நாட்டு வரைபடத்தின் தொல்லை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை: எந்த நிறத்தைப் பூசினாலும் அது ஒரு கட்சி. அப்பா திரையை எட்டிப் பார்த்து, “கோயம்புத்தூர் எப்படா அவங்க கைக்குப் போச்சு?” என்றார். கடைசியில் யாரும் உரிமை கொண்டாடாத சாம்பல் நிறத்தில் சரணடைந்தேன்.

மேடத்துக்கு பை சார்ட் ஆகவே ஆகாது. அதை 1801-இல் அறிமுகப்படுத்திய வில்லியம் பிளேஃபேர் கடனுக்காகச் சிறைக்குப் போனவர் என்பதைக்கூட ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்வார். கோணங்களைவிட, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை ஒப்பிடுவதில்தான் நம் கண் கெட்டி என்று கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் சோதித்தே காட்டிவிட்டார்கள். ஆகவே நான் பட்டை பட்டையாக வரைந்துகொண்டு வைவாவுக்குப் போனேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு பை சார்ட் போட்டிருக்கலாமே?” மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேப்பர் பாஸ். அந்தத் தைரியத்தில் பொதுமக்களுக்கு ஒரு விண்ணப்பம். படிவத்தில் வயதைக் கேட்டால் வயதை எழுதுங்கள். திருச்சி என்றோ திருச்சிராப்பள்ளி என்றோ போடுவது உங்கள் இஷ்டம். பின்னால் அந்த ஸ்பேஸை மட்டும் தட்டாதீர்கள்.