புயலுக்குப் பிந்திய தூண்டிலியல்: மேல்கணக்கு, கீழ்க்கணக்கு உரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னதும் வள்ளங்கள் கரையேறிவிடும். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் மீன் லொறியும் வராது. ஹட்டன் சந்தையில் மீன் இருக்காது, விலை மட்டும் இருக்கும். (சரக்கு வராத இடத்துக்கு விலை எப்படி வந்து சேர்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.) கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கும் மேலே, புயல் ஓய்ந்த மறுநாள் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் மீன் அதிகம் அகப்படுவது ஏன் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. ஆட்களோடு வீடுகளும் மண்ணுக்குள் போன புயலை வைத்து யாரும் தூண்டில் ஆராய்ச்சி செய்யமாட்டார்கள். இங்கே பேசப்படுவது இரண்டு நாள் மிரட்டிவிட்டு, லயத்துத் தகரத்தில் நாலைக் கழற்றிக்கொண்டு போகும் சில்லறைப் புயல்.

முன்னோர் ஆய்வு என்று பார்த்தால் வெள்ளைக்காரத் துரைமாரிடமிருந்து தொடங்க வேண்டும். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட ஊர் மீன் போதாதென்று 1880களில் நுவரெலியாப் பக்க ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் கடல் கடந்து வந்ததுதான். நம் பாட்டன்மாரும் கடல் கடந்து வந்தவர்கள்தான். ஆனால் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடக்கும்படி டிரவுட்டிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு அணைகள் வந்தன. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ, மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் மவுசாகலை. பழைய மஸ்கெலியா நகரம் கோயில், பள்ளிவாசல், விகாரையோடு தண்ணீருக்குள் போனது. கோடையில் மட்டம் இறங்கினால் கோயில் எட்டிப் பார்க்கும். மற்றக் காலத்தில் அங்கே குடியிருப்பவை மீன்களே. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் லயத்துக் காம்பிராவுக்கு உறுதி கேட்டு நிற்கும் சமூகத்தின் நடுவே, ஒரு நகரத்தையே கேள்வி கேட்பாரின்றி அனுபவிக்கும் உயிரினம் அது ஒன்றுதான்.

இனி மூலப் பிரச்சினை. தோட்டத்தின் மேல் டிவிசனான மேல்கணக்கின் உரைகாரர்கள் கலங்கல் தண்ணீரைக் காரணம் காட்டுவர். மலையில் பெய்த மழை கான் வழியே ஓடி, புழுவையும் பூச்சியையும் வாரிக்கொண்டு ஓயாவில் சேர்கிறது. ஓயா நீர்த்தேக்கத்தில் விழும் வாயில் மீன்கள் பந்திக்கு உட்கார்ந்துவிடுகின்றன. இதில் நியாயம் உண்டு. கெண்டைக்கு வாயோரம் மீசை இருக்கிறது. கலங்கலிலும் தடவித் தின்னும். கண்ணால் கண்டு பிடிக்கும் டிரவுட்டுக்கு அதே கலங்கல் பட்டினி.

கீழ்க்கணக்கு உரைகாரர்கள் குளிரைச் சொல்வார்கள். 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவுக்கு நாம் வைத்த பெயர் ஜப்பான் மீன். அதன் சொந்த ஊரோ ஆபிரிக்கா. தண்ணீர் சில்லிட்டால் அது வாயைத் திறக்காது. ஆகவே புயலுக்குப் பின் அது கடிக்கவே கூடாது. ஆனாலும் கடிக்கிறதே என்று கேட்டால், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தொழிற்சங்கத் தேர்தலைப் பற்றிப் பேசுவது அவர்கள் மரபு.

கருவிகளையும் பதிவு செய்ய வேண்டும். கொழுந்து எடுக்கையில் மட்டம் பார்க்கும் மட்டக்கம்புதான் தூண்டில் தடி. அதில் ஒரு சுற்றுத் தங்கூசி. மிதப்புக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து விரல் அகலத்தில் வெட்டிய துண்டு, நடுவில் ஆணியைச் சுட்டுப் போட்ட ஓட்டை. பாரத்துக்கு ஸ்டோரிலிருந்து வந்த பழைய நட்டு. மாட்டுப் பட்டிக்குப் பின்னால் தோண்டிய புழு, கொஞ்சம் எருவோடு பால்மா டின்னில் நெளியும். இத்தனைக்கும் ஆன செலவு தூண்டில் முள்ளுக்கும் தங்கூசிக்கும் மட்டுமே.

மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இரு சாராரும் தண்ணீரையே பார்த்தார்கள்; கரையைப் பார்க்கவில்லை. சாதாரண மழைக்குக் கொழுந்து எடுப்பது நிற்பதில்லை. காற்றில் மரம் சாய்ந்து கிடந்தால்தான் மறுநாள் பிரட்டுக்களத்தில் இன்று வேலையில்லை என்பார்கள். வேலையில்லையென்றால் செக்ரோலில் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளமில்லை, சந்தையிலோ மீனில்லை. வழக்கமாக நாலு தூண்டில் கிடக்கும் கரையில் அன்று நாற்பது கிடக்கும். நாற்பதுக்கும் சேர்த்துப் பத்து மீன் விழுந்தாலே, "இன்னைக்கு நல்ல கடி!" என்று சேதி லயத்துக்கு ஓடும். தலைக்குப் பங்கிட்டுப் பார்த்தால் செதில்தான் மிஞ்சும். ஆக, புயலுக்குப் பின் பெருகுவது மீனல்ல, தூண்டில். கீழ்க்கணக்கின் முடிபு தவறு. மேல்கணக்கின் முடிபு பாதி சரி. தோட்டத்துச் செக்ரோல் இரண்டையும்விட நம்பகமான மீனியல் நூல்.

ஆய்வை மேற்கொண்டு நடத்த விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. மேல் கொத்மலையிலோ லக்சபானவிலோ வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அணைக்குக் கீழே ஓயாவில் நிற்பவர்கள் தங்கூசி பாறையில் சிக்கியிருந்தாலும் அறுத்துவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். முள்ளு ஹட்டன் கடையிலேயே கிடைக்கும்.